ஆறு முறை கேட்ட கேள்வி

மூளை ஆராய்ச்சியைப் பற்றிச் செய்தித்தாளில் எது வந்தாலும் பசையக்காவுக்கு எரிச்சல்தான் வரும். கைகால் விளங்காத ஒருத்தி நினைத்த மாத்திரத்தில் கணினித் திரையில் அம்புக்குறி நகர்ந்ததாம். பேச்சு போன ஒருவரின் மூளை அலையை வைத்து இயந்திரம் வாக்கியம் அமைத்ததாம். படத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட நாலு பேர் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். தலையில் ஒயரை ஒட்டினவள் எங்கே என்று பசையக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுத் தேடுவாள். இருக்க மாட்டாள். அந்த மாதிரி ஆராய்ச்சியில் மண்டையைத் திறந்து உள்ளேயே வைத்துவிடுகிறார்கள், ஒட்டுகிற வேலையே இல்லை என்று அவளோடு வேலை பார்க்கும் நரம்பியல் டாக்டர் ஒருநாள் விளக்கினார். "அப்போ தலையைச் சிரைச்சது யாரு? அவங்களையாவது போட்டோவுல நிறுத்தலாம்ல?" என்று கேட்டாள் பசையக்கா.

அவள் பிழைப்பே மனிதர்களின் தலையோடுதான். பெரிய மருத்துவமனை ஒன்றின் இரண்டாம் மாடியில், ஜன்னலே இல்லாத அறையில், இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். வருகிறவரின் தலையை இஞ்சு டேப்பால் அளப்பாள். சிவப்பு மெழுகுப் பென்சிலால் புள்ளி வைப்பாள். முடியை வகிர்ந்து, தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, புள்ளிக்கு ஒன்றாக இருபத்தோரு லீடுகளைப் பசை போட்டு ஒட்டுவாள். லீடு என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை, ஒயரின் நுனியில் சட்டைப் பொத்தான் அளவில் ஓர் உலோகக் கிண்ணம். அது தோலோடு அட்டையாக ஒட்டினால்தான் மூளையின் அலை திரையில் ஒழுங்கான கோடாக ஓடும். சரியாக ஒட்டாவிட்டால் கோடு கண்டபடி ஆடும், அதைப் பார்த்து டாக்டர் கண்டபடி எழுதுவார். பசையக்கா என்ற பேரே அந்தப் பசையால் வந்ததுதான், அவள் ஒட்டி ஒரு லீடு கழன்றது கிடையாது. வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒரே ஒரு தடவை துடைப்பாள், பசை இருந்த இடம் தெரியாது.

வாய்தான் கொஞ்சம் நீளம். "முந்தின நாளே தலைக்குக் குளிச்சுட்டு வாங்கன்னு சீட்டுல எழுதிக் குடுத்தேனே, எண்ணெய் டின்னுக்குள்ள தலையை விட்டு எடுத்துக்கிட்டு வந்திருக்கீங்க?" என்று தொடங்கினால் எதிரே இருப்பவர் மாவட்ட நீதிபதியானாலும் தலையைக் குனிந்துகொள்வார். எப்படியும் குனியத்தான் வேண்டும், பின்மண்டையில் புள்ளி வைக்க வேண்டுமே.

அவளுக்குத் தம்பி ஒருவன். பத்து வயசு இளையவன். அம்மா போனபோது அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது, எல்லாம் அவள்தான். அவளுடைய கல்யாணம் இரண்டே வருஷத்தில் முறிந்து திரும்பி வந்தபோது, ஏன் என்று கேட்காத ஒரே ஆள் அந்தத் தம்பி. அவன் லிஃப்ட் மெக்கானிக் ஆனான். நல்ல கை. சொல் பேச்சுக் கேட்கிற குணம் மட்டும் சுத்தமாகக் கிடையாது. குழாய் ஒழுகுகிறது, வந்து பாருடா என்று அக்கா ஆறு மாசம் சொல்லியிருக்கிறாள், எட்டிப் பார்க்கவில்லை. ஒருநாள் பொறுமை போய் அவள் குழாய் ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டாள். அன்றைக்கென்று சாப்பிட வந்தவன், அந்த ஆள் ஸ்பானரைப் பிடித்த லட்சணத்தைப் பார்த்துவிட்டுப் பாதிச் சோற்றில் எழுந்து போய், "குடுங்க இங்க" என்று பிடுங்கி அவனே முடித்தான். செய் என்றால் செய்ய மாட்டான். அடுத்தவன் தப்பாகச் செய்வதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஒருமுறை முடி வெட்டப் போன இடத்தில் நாற்காலி ஆடுகிறது என்று, பாதித் தலையோடு இறங்கித் தரையில் படுத்து நட்டை இறுக்கிவிட்டு வந்தவன் அவன்.

ஒன்பது மாசத்துக்கு முன்னால், லிஃப்ட் ஓடும் குழிக்குள் அவன் நின்று வேலை பார்த்தபோது, மேல்மாடியிலிருந்து யாரோ கேட்காமல் கொள்ளாமல் மின்சாரத்தைப் போட்டுவிட்டார்கள். லிஃப்டுக்கு எதிர்ப்பக்கம் ஏறி இறங்கும் எடைக்கட்டை நகர்ந்து வர, அதற்கு விலகினவன் தண்டவாளத்தில் மண்டையை மோதிக்கொண்டான். உயிர் தங்கியது. கண் திறந்தது, ஆனால் யாரையும் பின்தொடரவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை, கிள்ளினால் கையை இழுக்கவில்லை. அதே மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், மறுவாழ்வுப் பிரிவில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான். பசையக்கா தினமும் வேலைக்கு நடுவே இரண்டு தடவை படியேறிப் போய், நகம் வெட்டி, முகம் துடைத்து, திட்டிவிட்டு வருவாள்.

அவன் மனைவி ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்ப்பவள். அதிர்ந்து பேசத் தெரியாது. சாயங்காலம் நேராக வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். ஐந்தாவது மாசத்தில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஒரு வாரம். அந்தப் பெண் உட்கார்ந்தபடியே தூங்கி, நாற்காலியிலிருந்து சரிந்து, கட்டில் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டாள். பசையக்காவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியாது. "இவன் அன்னைக்கே போயிருக்கலாம். நீயாவது பொழைச்சிருப்ப" என்றாள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் தம்பி மனைவி, நடுவில் அவன். சொன்னது அவன் தலைக்கு மேலேதான். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பேசவில்லை.

ஒன்பதாவது மாசம் மருத்துவமனையிலிருந்து தாள் வந்தது. முன்னேற்றம் இல்லாததால் படுக்கையை வேறொருவருக்குத் தர வேண்டியிருக்கிறது, அடுத்த வெள்ளிக்கிழமை குழு கூடி முடிவு செய்யும் என்று எழுதியிருந்தது. முடிவு என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஊருக்கு வெளியே இருக்கும் நீண்டகாலப் பராமரிப்பு இல்லம். அங்கே குழாயில் உணவு கொடுப்பார்கள், மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பார்கள். கைகால் பயிற்சி, பேச்சுப் பயிற்சி ஒன்றும் கிடையாது. போனவர் திரும்பி வந்ததாகப் பசையக்கா கேள்விப்பட்டதில்லை.

அப்போதுதான் ஒரு புதிய சோதனை அவள் அறைக்கே வந்திருந்தது. அசையாமல் கிடப்பவர்களில் சிலருக்கு உள்ளே எல்லாம் கேட்கிறது, புரிகிறது, உடம்பு மட்டும்தான் ஒத்துழைப்பதில்லை என்று பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து கண்டுபிடித்திருந்தார்கள். நாலில் ஒருவர் அப்படி இருக்கக்கூடும் என்றார் நரம்பியல் டாக்டர். கையை அசைப்பதாக நினைக்கச் சொல்லுவது, நினைக்கும்போது மூளையில் கையை ஆட்டுகிற இடத்து அலை மாறுகிறதா என்று கணினியை விட்டுப் பார்ப்பது. இவ்வளவுதான் சோதனை.

"நாலுல ஒருத்தர்னா, இத்தனை வருஷமா நான் ஒட்டித் துடைச்சு அனுப்பினவங்கள்ல எத்தனை பேரு உள்ள உக்காந்து கத்திக்கிட்டு இருந்திருப்பாங்க டாக்டர்?" என்று கேட்டாள் பசையக்கா.

"அப்படி யோசிச்சா தூங்க முடியாது அக்கா" என்றார் டாக்டர். அவரும் சரியாகத் தூங்குகிறவராகத் தெரியவில்லை.

தம்பியைச் சோதனையில் சேர்க்க அவள் எத்தனை பேரிடம் போய் நின்றாள் என்று எழுதினால் அதுவே தனிக் கதையாகும். கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள், நிபந்தனையோடு. உறவுக்காரி என்பதால் சோதனை நடக்கும்போது அறைக்குள் இருக்கக் கூடாது, பேசக் கூடாது. லீடு ஒட்டலாம். ஒட்டிவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே போய்விட வேண்டும்.

ஒட்டினாள். இடது காதுக்கும் உச்சிக்கும் நடுவே, வலது கையை ஆட்டும் இடத்தில், மூன்று தடவை அளந்து ஒட்டினாள். வெளியே வந்து டாக்டருக்குப் பின்னால் நின்றாள். ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் தொடங்கியது. செய்தி வாசிப்பது போன்ற ஒரு பெண் குரல். "இப்போது, உங்கள் வலது கையைத் திறந்து மூடுவதாக மனத்தில் கற்பனை செய்யுங்கள்." பத்து வினாடி. "இப்போது, அவ்வாறு கற்பனை செய்வதை நிறுத்துங்கள்." பத்து வினாடி. மறுபடியும், மறுபடியும், அரை மணி நேரம்.

கை சும்மா இருக்கும்போது அந்த இடத்தில் சீப்பைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஓர் அலை ஓடும். கையை அசைத்தாலோ, அசைக்க நினைத்தாலோ சீப்பு படுத்துவிடும். பசையக்கா இருபத்தாறு வருஷத்தில் லட்சம் சீப்புப் பார்த்திருப்பாள். அன்றைக்குச் சீப்பு ஒருதடவைகூடப் படுக்கவில்லை. கணினி யோசித்துவிட்டு எழுதியது: பதில் இல்லை.

"யாரு பேசறது அது?" என்று பசையக்கா வெடித்தாள். "கற்பனை செய்யுங்களாம்! வீட்டுல யாரு டாக்டர் இப்படிப் பேசறாங்க? எனக்கே பாதியில கொட்டாவி வந்துடுச்சு."

"எல்லாருக்கும் ஒரே குரல், ஒரே வாக்கியம் அக்கா. ஆளுக்கு ஒரு மாதிரி கேட்டா, ஒருத்தரோட ஒருத்தரை ஒப்பிட முடியாது. வியாழக்கிழமை இன்னொரு தடவை பாக்கலாம். அதுதான் கடைசி."

அவள் மூன்றாம் மாடிக்குப் போய், தலையைத் துடைத்துக்கொண்டே அவனை விளாசித் தள்ளினாள். பக்கத்தில் துவாலையோடு நின்ற தம்பி மனைவி வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணி, அவரு என்னைக்குச் சொன்னதைச் செஞ்சிருக்காரு?" என்றாள்.

பசையக்காவின் கை நின்றது. இத்தனை பெரிய விஷயம் ஒன்பது மாசமாகத் தன் மண்டையில் ஏறவில்லையே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. அளந்து ஒட்டத் தெரிந்தது, இது தெரியவில்லை.

வியாழக்கிழமை மறுபடி அதே குரல், அதே அரை மணி, அதே முடிவு. பதில் இல்லை. டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைத் தேய்த்தார்.

"டாக்டர், எனக்குப் பத்து நிமிஷம் குடுங்க" என்றாள் பசையக்கா. "லீடு தலையிலதான் இருக்கு. பதிவு ஓடட்டும். நான் உள்ள போயி என் பாஷையில சொல்லிப் பாக்கறேன்."

"அது கணக்குல வராது அக்கா."

"வராட்டிப் போகுது. நாளைக்கு வேனுல ஏத்திடுவீங்க. அப்புறம் நான் யாரைத் திட்டறது?"

டாக்டர் கண்ணாடிக்கு அப்பால் கிடந்தவனைப் பார்த்தார். தனக்குப் பின்னால் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற தம்பி மனைவியைப் பார்த்தார். "எனக்கும்தான் எரிச்சலா இருக்கு. போங்க" என்றார்.

உள்ளே திரை கிடையாது. கட்டில் பக்கத்தில் நிற்பவளுக்கு அலை தெரியாது, கண்ணாடிக்கு வெளியே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். பசையக்கா குனிந்து தம்பியின் காதருகே வாயை வைத்தாள்.

"டேய். உன் இடத்துக்கு ஒருத்தனைப் போட்டிருக்காங்க தெரியுமா? லிஃப்ட் தண்டவாளத்துல நிக்கறான். போல்ட்டை எந்தப் பக்கம் முறுக்கறதுன்னே தெரியல அவனுக்கு. பாரு, கழட்டற பக்கமா முறுக்கிக்கிட்டு, ஏன் இறுக மாட்டேங்குதுன்னு முழிக்கறான். பாத்துக்கிட்டே கிடக்கறியே, வெக்கமா இல்ல? ஸ்பானரை வாங்கு அவன்கிட்டேருந்து. நீ முறுக்கு."

ஒலிபெருக்கி கரகரத்தது. "அக்கா, நிறுத்தச் சொல்லுங்க."

"சரி, போதும். இறுகிடுச்சு. ஸ்பானரைக் கீழ வை."

பிறகு டாக்டரின் குரல், இந்தத் தடவை மெதுவாக. "இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னாள். நிறுத்தச் சொன்னாள். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. ஐந்தாவது தடவை போல்ட்டு முறுக்கும் ஆள் அவன் முதலாளியின் மச்சினனாகிவிட்டான், ஸ்பானருக்குப் பதில் குறடு வைத்திருந்தான். "சீப்பு படுத்துடுச்சு அக்கா" என்றார் டாக்டர். "நீங்க முறுக்குன்னா படுக்குது, வைன்னா எழுந்திருக்குது. அஞ்சு தடவையும்."

பசையக்கா சிரித்தாள். சத்தமாக, மூக்கில் தண்ணீர் வர, அவன் தோளில் ஓர் அடி போட்டுச் சிரித்தாள். "திமிரு பிடிச்ச நாயே. ஒன்பது மாசமா மரியாதையாக் கேட்டாங்கல்ல உன்னை?"

சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு நடுவில் அது வந்து தாக்கியது. இப்போது இருக்கிறான் என்றால் அப்போதும் இருந்திருப்பான். நகம் வெட்டினபோது, திட்டினபோது, காய்ச்சல் வாரத்தில், அந்தச் சாயங்காலத்தில்.

கேட்காமல் விட்டிருக்கலாம். அவளை யாரும் கேட்கச் சொல்லவில்லை. ஆனால் அவனுக்குக் கேட்டதா என்று தெரியாமல் படியிறங்கிப் போகிற பெண் இல்லை அவள்.

"டேய்" என்றாள். குரல் சின்னதாகிவிட்டது. "உனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தப்போ, நான் உன் பொண்டாட்டிகிட்ட ஒண்ணு சொன்னேன். இவன் அன்னைக்கே போயிருக்கலாம்னு சொன்னேன். அது உனக்குக் கேட்டுச்சா? கேட்டிருந்தா போல்ட்டை முறுக்கு. கேக்கலைன்னா சும்மா இரு."

ஒலிபெருக்கியில் பத்து வினாடி ஒன்றும் வரவில்லை. அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை, தம்பியின் வலது கையையே பார்த்தாள். அது போர்வை மேல் மல்லாந்து கிடந்தது. அசையவில்லை.

"அக்கா" என்றார் டாக்டர். "அவரு முறுக்கறாரு."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. ஸ்பானர் கதை மட்டும்னா, அக்கா குரலைக் கேட்டதும் மூளை தன்னால துள்ளுதுன்னு குழுவுல ஒருத்தர் சொல்லிடுவாரு. இது கேள்வி. இதுக்கு அவரு பதில் சொல்லியிருக்காரு. இப்போ மாத்திக் கேளுங்க. கேக்கலைன்னா முறுக்குன்னு. எப்படி மாத்திக் கேட்டாலும் ஒரே பதில் வந்துச்சுன்னா, அதை யாராலயும் தள்ள முடியாது. ஒரு தடவை பத்தாது. மாத்தி மாத்தி ஆறு தடவை."

"வேற கேள்வி கேக்கறேன் டாக்டர். அவன் பேரு, வயசு..."

"பாதியில கேள்வியை மாத்தினா இது செல்லாது. இதையே கேளுங்க. வார்த்தை மாறாம."

அரை மணி நேரம் வார்த்தை மாறாமல் பேசிய அந்தச் செய்திக் குரலைத் திட்டித் தீர்த்தவள் பசையக்கா. இப்போது அவள் முறை. கேட்டாள். இவன் அன்னைக்கே போயிருக்கலாம்னு சொன்னேன், கேட்டுச்சா, கேக்கலைன்னா முறுக்கு. முறுக்கவில்லை. கேட்டிருந்தா முறுக்கு. முறுக்கினான். மூன்றாவது தடவைக்கு மேல் அவளுக்கு வாக்கியம் முடிவதற்குள் மூச்சு நின்று நின்று வந்தது. கண்ணாடிக்கு அப்பால் தம்பி மனைவியும் ஒலிபெருக்கியில் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு தடவையும். ஆறாவது தடவை முடிந்ததும் டாக்டர் "போதும் அக்கா" என்றார். ஆறுக்கு ஆறு. அவனுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

டாக்டர் படிவத்தோடு உள்ளே வந்தபோது பசையக்கா லீடுகளை எடுத்துவிட்டு வெந்நீர்ப் பஞ்சால் அவன் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பசை எப்போதோ போய்விட்டது. அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். தம்பி மனைவி கட்டிலின் அந்தப் பக்கம் வந்து, கைப்பையை வைத்துவிட்டு, அவன் வலது கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். பசையக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கணினி முடிவுங்கற கட்டத்துல 'பதில் இல்லை'ன்னுதான் இருக்கும். அதை என்னால மாத்த முடியாது" என்றார் டாக்டர். "ஆனா கீழ, மருத்துவர் நேரடியாகக் கண்டதுன்னு ஒரு இடம் இருக்கு. நாளைக்கு நானே குழுவுல உக்காந்து படிக்கறேன். படுக்கையைத் தூக்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது." பேனாவைத் திறந்தவர் தயங்கினார். "என்ன கேள்வி கேட்டோம்னு எழுதணும் அக்கா. பத்துப் பேரு படிப்பாங்க. 'முன்பு நடந்த உரையாடல் ஒன்று நினைவிருக்கிறதா'ன்னு பொதுவா எழுதிக்கட்டுமா?"

பசையக்கா பஞ்சைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்தாள்.

"நான் என்ன சொன்னேனோ அதையே எழுதுங்க. 'இவன் அன்னைக்கே போயிருக்கலாம்.' சொன்னது யாருன்னு கேட்டா, அக்கான்னு போடுங்க. ஒரு எழுத்து மாறக் கூடாது" என்றாள். பிறகு தம்பியின் காதோரத்தைத் துடைத்துக்கொண்டே, "தப்பா எழுதினீங்கன்னா இவனுக்குக் கை சும்மா இருக்காது டாக்டர்" என்றாள்.

டாக்டர் எழுதினார்.